அப்பாவின் லென்ஸ் கெட்டுப்போகவில்லை!

கேமரா திண்ணை

‘வணக்கம் சார். எங்கப்பா முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தினவர். அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பீரோவைச் சுத்தம் பண்ணும்போது அவரோட கேனான் ஏஇ-1 ஃபிலிம் கேமராவும், அதோட 50 மி.மீ. லென்ஸும் கிடைச்சுது. என் பையன்கிட்ட இருக்கறதும் கேனான் டிஎஸ்எல்ஆர்தான். அதுல மாட்டிப் பார்த்தோம், பொருந்தலை. ஆன்லைன்ல ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினோம். தோட்டத்து நந்தியாவட்டைப் பூ அவ்வளவு அழகா வந்துச்சு. ஆனா மொட்டைமாடியில நின்னு கோயில் கோபுரத்தை எடுத்தா ஒரே மங்கல். எவ்வளவு திருகினாலும் தெளியலை. கடையில காட்டினேன். ‘லென்ஸ் போச்சும்மா, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும், இனிமே வேலைக்கு ஆகாது’ன்னுட்டாங்க. தூக்கிப்போட மனசு வரலை. நிஜமாவே போச்சா சார்?’

தென்காசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம் இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகவில்லை சகோதரி. பூ தெளிவாக வந்ததே, அதுவே லென்ஸ் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. கண்ணாடி நகர்ந்திருந்தால் பக்கத்துப் பூவும் குழம்பித்தான் வந்திருக்கும். கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல் என்றால் சந்தேகப்பட வேண்டியது லென்ஸை அல்ல, நடுவில் மாட்டிய அந்த வளையத்தை.

இவருடைய கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தால் அடாப்டர், எக்ஸ்டென்ஷன் ட்யூப், டெலிகன்வெர்ட்டர், ஃபோகல் ரெடியூசர் என்று நான்கு சமாசாரங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. நான்குமே கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே உட்காருபவை. பார்க்கவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். செய்கிற வேலை மட்டும் வேறு வேறு. ‘எது எதற்கு?’ என்று கேட்டு மற்ற வாசகர்களும் எழுதியிருப்பதால், இந்த வாரம் நால்வரையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு பூதக்கண்ணாடி

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கூப்பிடுங்கள். பகல் நேரத்தில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே அந்தக் கண்ணாடியைப் பிடியுங்கள். மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் ஜன்னலும் வெளியே உள்ள மரமும் தலைகீழாகச் சுவரில் விழும். (சூரியனை நோக்கி மட்டும் கண்ணாடியைத் திருப்பக் கூடாது.)

உங்கள் பூதக்கண்ணாடியின் குவிய தூரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூரத்து மரம் தெளிவாக விழ, கண்ணாடி சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இப்போது ஒரு மெழுகுவத்தியைக் கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. தொலைவில் வையுங்கள். சுடர் தெளிவாகத் தெரிய, கண்ணாடியைச் சுவரிலிருந்து 20 செ.மீ. வரை விலக்க வேண்டும். மெழுகுவத்தியை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் கண்ணாடியும் சுவரும் 30 செ.மீ. விலக வேண்டும். அப்போது சுவரில் விழும் சுடர், நிஜச் சுடரின் அளவே இருக்கும்.

இவ்வளவுதான் பாடம். பொருள் கிட்டே வர வர, லென்ஸ் சுவரை விட்டு விலக வேண்டும். பொருள் தொலைவில் இருந்தால் லென்ஸ் சுவரை நெருங்க வேண்டும். கேமராவில் சுவர் என்பது சென்சார். ஃபோகஸ் வளையத்தை நீங்கள் திருகும்போது லென்ஸுக்குள் நடப்பதும் இதே நகர்வுதான்.

கேனானுக்கும் கேனானுக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

லென்ஸ் மாட்டும் கேமரா ஒவ்வொன்றிலும் மாற்ற முடியாத ஓர் அளவு உண்டு. லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம். இதை ‘ஃப்ளேஞ்ச் தூரம்’ என்பார்கள். லென்ஸைச் செய்கிறவர் இந்த தூரத்தை மனதில் வைத்துத்தான் செய்கிறார்.

வாசகியின் அப்பா வைத்திருந்த ஏஇ-1, 1976-ல் வந்த கேமரா. அதன் லென்ஸ்கள் ‘எஃப்டி’ வகை. அதற்கான தூரம் 42 மி.மீ. 1987-ல் கேனான் ஆட்டோஃபோகஸுக்காக எல்லாவற்றையும் மாற்றி ‘இஎஃப்’ என்ற புதிய மவுன்ட்டைக் கொண்டுவந்தது. பையனின் டிஎஸ்எல்ஆர் அந்த வம்சம். அதன் தூரம் 44 மி.மீ.

வித்தியாசம் வெறும் 2 மி.மீ. ஆனால் அந்த இரண்டும் தப்பான பக்கத்தில் இருக்கின்றன. லென்ஸ் சென்சாரிலிருந்து 42 மி.மீ.யில் உட்கார ஆசைப்படுகிறது. கேமராவோ 44-க்கு மேல் உள்ளே விடமாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு அடாப்டரின் தடிமன் வேறு சேர்கிறது.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 50 மி.மீ. லென்ஸ் 2 மி.மீ. கூடுதலாக விலகி நின்றால், அது தெளிவாகப் பார்க்கக்கூடிய அதிகபட்ச தூரம் 1.3 மீட்டர். அடாப்டர் தடிமன் 1 மி.மீ. சேர்ந்து மொத்தம் 3 மி.மீ. ஆனால், 90 சென்டிமீட்டருக்கும் குறைவு! அதற்கு அப்பால் உள்ள எதுவும் அந்த லென்ஸுக்குத் தெளிவாகத் தெரியாது. கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கோபுரத்தைப் பார்ப்பது போலத்தான். நந்தியாவட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தெரிந்தது. கோபுரம் எட்டாத தூரத்தில் நின்றது, தெரியவில்லை. லென்ஸின் மேல் ஒரு பிழையும் இல்லை.

எதோடு எது சேரும்?

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். லென்ஸின் தூரம் பெரிதாகவும் கேமராவின் தூரம் சிறிதாகவும் இருந்தால், நடுவில் உள்ள இடைவெளியை ஒரு வெற்று வளையம் நிரப்பிவிடும். தலைகீழாக இருந்தால் வெற்று வளையத்தால் ஆகாது.

முக்கியமான சில அளவுகள்:

• நிக்கான் எஃப்: 46.5 மி.மீ.
• ஒலிம்பஸ் ஓஎம்: 46 மி.மீ.
• எம்42 (பழைய ஸெனிட், ப்ராக்டிகா கேமராக்களின் திருகு லென்ஸ்), பென்டாக்ஸ் கே: 45.46 மி.மீ.
• கேனான் இஎஃப்: 44 மி.மீ.
• மினோல்டா எம்டி: 43.5 மி.மீ.
• கேனான் எஃப்டி: 42 மி.மீ.
• கேனான் ஆர்எஃப்: 20 மி.மீ.
• மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 19.25 மி.மீ.
• சோனி இ: 18 மி.மீ.
• ஃபுஜி எக்ஸ்: 17.7 மி.மீ.
• நிக்கான் இஸட்: 16 மி.மீ.

மேலே உள்ளவை கண்ணாடி ஆடும் எஸ்எல்ஆர் வம்சம். வ்யூஃபைண்டருக்குப் படத்தை அனுப்பும் ஆடி மேலும் கீழும் எழும்ப இடம் வேண்டும் என்பதால் அவற்றின் வயிறு பெரியது. கடைசி ஐந்தும் மிரர்லெஸ். ஆடி இல்லை, அதனால் ஒல்லி. பழைய லென்ஸ்கள் எல்லாம் திடீரென்று மறுபடி உயிர்பெற்றதற்குக் காரணம் இந்த ஒல்லி உடம்புதான். எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸாக இருந்தாலும், மிரர்லெஸ்ஸில் இரண்டரை சென்டிமீட்டர் போல இடம் மிச்சமிருக்கிறது.

எஃப்டி லென்ஸைச் சோனி இ மவுன்ட்டில் மாட்ட வேண்டுமா? 42-லிருந்து 18 போக 24 மி.மீ. உயரத்தில் ஒரு உலோகக் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. அதனால் படத்தின் தரம் ஒரு துளியும் குறையாது. நிக்கான் லென்ஸைக் கேனான் டிஎஸ்எல்ஆரில் மாட்டலாம், 2.5 மி.மீ. இடம் இருக்கிறது. ஆனால் கேனான் இஎஃப் லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டிக் கோபுரம் எடுக்க முடியாது. மேலே உள்ள எண்களைக் கழித்துப் பார்த்தால் ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தூரம் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். இன்னொரு கேள்வி இருக்கிறது. அப்பெர்ச்சரை யார் திறந்து மூடுவது? கேனான் இஎஃப் லென்ஸ்களில் அது மின்சாரத்தால் இயங்குகிறது. தங்கநிறப் புள்ளிகள் இல்லாத மலிவு அடாப்டரில் மாட்டினால் அப்பெர்ச்சர் முழுக்கத் திறந்தே கிடக்கும். நிக்கான் ‘ஜி’ லென்ஸ்களில் வளையமே இல்லை. உள்ளே ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ள அடாப்டரிலேயே ஒரு வளையம் இருக்க வேண்டும். நிக்கானின் சொந்த எஃப்டிஇஸட் அடாப்டரில் மோட்டார் இல்லாததால், ‘ஏஎஃப்-டி’ போன்ற பழைய லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

இந்த விஷயத்தில் அப்பாவின் லென்ஸ் கெட்டிக்காரன். 1.8-லிருந்து 22 வரை எல்லாம் அதன் கழுத்து வளையத்திலேயே இருக்கிறது. யாருடைய மின்சாரமும் அதற்குத் தேவையில்லை.

தெரியாமல் வாங்கிய எக்ஸ்டென்ஷன் ட்யூப்

இப்போது நந்தியாவட்டைக்கு வருவோம். அந்தப் பூ ஏன் அவ்வளவு அழகாக வந்தது? லென்ஸ் 3 மி.மீ. கூடுதலாக விலகி நின்றதால், அது வழக்கத்தைவிட இன்னும் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. அதாவது, வாசகி அடாப்டர் என்று வாங்கியது உண்மையில் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் ட்யூப். தூரப்பார்வையைக் கொடுத்து கிட்டப்பார்வையை வாங்கிக்கொள்வதுதான் அந்த ட்யூபின் வேலையே.

எக்ஸ்டென்ஷன் ட்யூபிலும் கண்ணாடி இல்லை. வெறும் இடைவெளி. 12, 20, 36 மி.மீ. என்று மூன்று வளையங்களை ஒரு செட்டாக விற்பார்கள். கிடைக்கும் உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரே வகுத்தல் போதும். ட்யூபின் நீளத்தை லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்துக்கொள்ளுங்கள்.

50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ட்யூப் என்றால் 0.5. பொருளின் பாதி அளவில் அதன் பிம்பம் சென்சாரில் விழும். 50 மி.மீ.யே சேர்த்தால் 1. நிஜ அளவு. பூதக்கண்ணாடியும் மெழுகுவத்தியும் 30 செ.மீ.யில் நின்ற அதே நிலை. 6 மி.மீ. நீளமுள்ள எறும்பு, 22 மி.மீ. அகலமான சென்சாரில் கால்வாசிக்கும் மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே 25 மி.மீ. ட்யூபை 200 மி.மீ. லென்ஸில் மாட்டினால் வெறும் 0.125தான். ட்யூபுக்கு ஏற்ற ஜோடி சின்ன லென்ஸ்.

இதற்கு மூன்று விலைகள் கொடுக்க வேண்டும்.

முதலாவது, தூரம் போச்சு. ட்யூப் இருக்கும்வரை கோபுரமும் இல்லை, குடும்ப குரூப் போட்டோவும் இல்லை.

இரண்டாவது, வெளிச்சம். லென்ஸ் விலக விலக அதே ஒளி அதிகப் பரப்பில் பரவுகிறது. பாதி அளவு உருப்பெருக்கத்தில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் குறையும். நிஜ அளவில் இரண்டு ஸ்டாப், அதாவது கால்பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, தெளிவின் ஆழம். நிஜ அளவில் எஃப்/8 வைத்தாலும் தெளிவாக இருக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எறும்பின் கண் தெளிந்தால் வால்பக்கம் மங்கும். அதனால் இங்கே ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கேமராவையே மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சின்னத் துணிப்பையில் அரிசியோ கொண்டைக்கடலையோ போட்டுக் கட்டி, அதன் மேல் கேமராவை வைத்தால் கை நடுக்கம் அடங்கும்.

நடுவில் கண்ணாடி வைத்தால்?

‘அப்படியானால் என் டிஎஸ்எல்ஆரில் கோபுரம் எடுக்க வழியே இல்லையா?’ இருக்கிறது. உள்ளே ஒரு சிறிய கண்ணாடி வைத்த எஃப்டி–இஎஃப் அடாப்டர்களும் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடி என்ன செய்கிறது என்று பார்த்தால், மூன்றாமவரான டெலிகன்வெர்ட்டர் யார் என்பதும் புரிந்துவிடும்.

லென்ஸிலிருந்து ஒளி கூம்பு போலக் குவிந்துகொண்டே வருகிறது. அதன் வழியில் குழிக் கண்ணாடி ஒன்றை வைத்தால் கூம்பு சற்று விரியும். குவிய வேண்டிய இடம் பின்னுக்குத் தள்ளிப் போகும். 42 மி.மீ.க்குக் கணக்கிட்ட பிம்பம் 44-க்கும் அப்பால் போய் விழுகிறது. கோபுரம் தெளிந்துவிடும். கூடவே பிம்பமும் கொஞ்சம் பெரிதாகிவிடும். வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிக்காரர்கள் இதை ‘பார்லோ லென்ஸ்’ என்பார்கள். 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயர் அது.

டெலிகன்வெர்ட்டர் இதையே வேண்டுமென்று, நிறையக் கண்ணாடிகள் வைத்து, நேர்த்தியாகச் செய்கிறது. 1.4 மடங்கு, 2 மடங்கு என்று இரண்டு அளவுகள்தான் அதிகம் புழங்குகின்றன. 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ், 1.4 மடங்கில் 420 மி.மீ. எஃப்/5.6 ஆகும். 2 மடங்கில் 600 மி.மீ. எஃப்/8.

எஃப் எண் ஏன் ஏறுகிறது? முன்கண்ணாடியில் நுழைந்த ஒளி அதேதான். அதை 2 மடங்கு நீள அகலத்தில் விரித்தால் பரப்பு 4 மடங்கு. ஒரு கரண்டி மாவில் கல் தோசையும் ஊற்றலாம், பேப்பர் ரோஸ்ட்டும் இழுக்கலாம். ரோஸ்ட் பெரிதாக இருக்கும், மெல்லியதாகவும் இருக்கும்.

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறீர்கள். மாலை வெளிச்சத்தில் செங்கால் நாரை பறக்கிறது. வெறும் லென்ஸில் 1/1000 நொடி வேகம் கிடைக்கிறது என்றால், 2 மடங்கு கன்வெர்ட்டரில் அது 1/250. சிறகு கலங்கிப்போகும். வேகத்தை விடாமல் பிடிக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓவை 4 மடங்கு ஏற்ற வேண்டும். படத்தில் புள்ளி புள்ளியாகப் பொரியும். லென்ஸில் இருக்கும் சின்னக் குறைகளும் சேர்ந்தே பெரிதாகும். நல்ல லென்ஸுக்குத்தான் கன்வெர்ட்டர் மரியாதை செய்யும்.

ஒரு நல்ல குணத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்யூப் போலல்லாமல், இதில் தூரம் போகாது. லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யுமோ அதுவும் மாறாது. அதனால் தட்டான், பட்டாம்பூச்சி எடுப்பவர்கள் ட்யூபுக்குப் பதில் இதை மாட்டுவதும் உண்டு. தள்ளி நின்றே பெரிதாக எடுக்கலாம்.

வாங்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. பல கன்வெர்ட்டர்களின் முன்கண்ணாடி மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் இல்லாத லென்ஸில் மாட்டினால் கண்ணாடியும் கண்ணாடியும் இடித்துக்கொள்ளும். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் இதற்குப் பொருந்தாது. அடுத்தது, உங்கள் படம் எங்கே போகப்போகிறது என்று யோசியுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 2 மடங்குக்கு நறுக்கினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அது தாராளம். கன்வெர்ட்டருக்குக் கொடுக்கும் காசில் கூந்தன்குளத்துக்குப் பலமுறை போய் வரலாம்.

சுருக்கித் தரும் கண்ணாடி

நான்காமவர் ஃபோகல் ரெடியூசர். டெலிகன்வெர்ட்டரை அப்படியே திருப்பிப் போட்ட கதை. அங்கே குழிக் கண்ணாடி ஒளியை விரித்தது. இங்கே குவிக் கண்ணாடி ஒளியை இன்னும் இறுக்கிக் குவிக்கிறது. பிம்பம் சிறிதாகும், பிரகாசம் கூடும்.

எதற்கு இப்படி ஒன்று? அப்பாவின் லென்ஸ் 36க்கு 24 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்தது. அதைச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் மாட்டினால், அது வரையும் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். ஃபிலிமின் பரப்பில் பாதிக்கும் குறைவு. மீதி ஒளி கேமராவின் கறுப்புச் சுவரில் பட்டு வீணாகிறது. தலைவாழை இலை முழுக்கப் பரிமாறிவிட்டு, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் சாப்பிடச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

0.71 மடங்கு ரெடியூசர், அந்த மொத்தப் படத்தையும் சுருக்கி சின்ன சென்சாருக்குள் உட்கார வைக்கிறது. 50 மி.மீ. லென்ஸ் 35.5 மி.மீ. ஆகிவிடும். சோனி, ஃபுஜி ஏபிஎஸ்-சி சென்சாரின் 1.5 மடங்குக் கணக்கைச் சேர்த்தால் 53. அதாவது, ஃபிலிம் கேமராவின் கண்ணுக்கு அப்பா பார்த்த அகலம் ஏறக்குறைய அப்படியே திரும்பக் கிடைக்கிறது. எஃப்/1.8 என்பது ஏறக்குறைய எஃப்/1.3 ஆகும். ஒரு ஸ்டாப் லாபம், இருமடங்கு வெளிச்சம். புதிதாக ஒளி எங்கிருந்தும் வரவில்லை. வீணாய்ப்போனது மீட்கப்படுகிறது, அவ்வளவுதான்.

தொலைநோக்கிகளில் இந்த உத்தி வெகுகாலமாக உண்டு. 1995-ல் நிக்கானும் ஃபுஜியும் சேர்ந்து செய்த ‘இ2’ டிஜிட்டல் கேமராவுக்குள்ளேயே இப்படி ஒரு சுருக்குக் கண்ணாடி இருந்தது. தனி வளையமாக இது பரவலாகப் பேசப்பட்டது 2013-ல் மெட்டாபோன்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்பீட் பூஸ்டர்’ வந்த பிறகு. குறும்படம் எடுப்பவர்கள், இருட்டான கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுப்பவர்கள் இதை விரும்பி வாங்கினார்கள்.

இதற்கு மூன்று நிபந்தனைகள். லென்ஸ் பெரிய ஃபிலிமுக்கானதாக இருக்க வேண்டும். சென்சார் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கேமரா மிரர்லெஸ்ஸாக இருக்க வேண்டும். குவிய தூரம் சுருங்கும்போது கண்ணாடி சென்சாரை நெருங்கி உட்கார இடம் தேவை. முழு அளவு சென்சார் வைத்திருப்பவருக்கு அப்பாவின் லென்ஸோடு இது வேண்டியதில்லை. அவருக்கு இலை முழுக்க ஏற்கெனவே கிடைக்கிறது.

போன் வைத்திருப்பவர்களுக்கு?

போனில் லென்ஸைக் கழற்ற முடியாது. அதனால் பின்னால் மாட்டும் இந்த நால்வருக்கும் அங்கே இடமில்லை. போனுக்கென்று விற்கும் டெலிகன்வெர்ட்டர்கள் லென்ஸுக்கு முன்னால் உட்காருபவை. போன் கேமராவுக்கு முன் ஒரு சின்ன பைனாகுலரைப் பிடிப்பது மாதிரி. குறிப்பிட்ட போனுக்கென்றே அளவெடுத்துச் செய்தவை நன்றாக இருக்கும். எல்லாப் போனுக்கும் பொருந்தும் என்று விற்கும் கிளிப் லென்ஸ்களில் நடுவில் தெளிவும் ஓரத்தில் குழப்பமும்தான் பெரும்பாலும்.

பல போன்களில் ‘மேக்ரோ’ தொட்டால் படம் லேசாகக் குதிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேமரா அகலக்கோண லென்ஸுக்கு மாறுகிறது. ஏன் அதற்கு? குவிய தூரம் சிறியது. மயிரிழை நகர்ந்தாலே மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிவிடும். பூதக்கண்ணாடிப் பாடமேதான், சட்டைப்பைக்குள்.

தென்காசி சகோதரிக்கு...

முதல் வேலையாக, லென்ஸை ஒரு டார்ச் வெளிச்சத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்திவலை போல ஏதும் படர்ந்திருந்தால் பூஞ்சை. நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். வெறும் தூசி நாலைந்து இருந்தால் அப்படியே விடுங்கள், படத்தில் தெரியாது. பிறகு அதைப் பீரோவில் திரும்ப வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் என்றால் கொண்டாட்டம்.

நீங்கள் வாங்கிய அடாப்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பையனின் டிஎஸ்எல்ஆரில் பூ, பூச்சி, கோலத்தின் ஒற்றைப் புள்ளி, பாட்டியின் மூக்குத்தி எல்லாம் எடுக்க அது போதும். இன்னும் கிட்டே போக ஆசைப்பட்டால் அதற்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு 12 மி.மீ. ட்யூபைச் சேருங்கள். லென்ஸிலேயே அப்பெர்ச்சர் வளையம் இருப்பதால் மலிவு ட்யூபே போதும்.

கோபுரத்துக்கு, கண்ணாடி வைத்த அடாப்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மலிவான அந்தக் கண்ணாடி, எஃப்/1.8 போன்ற திறப்பில் படத்தைப் பஞ்சாக்கிவிடும். அப்பாவின் நல்ல கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மட்டமான கண்ணாடியை ஏன் வைக்க வேண்டும்? தெரிந்தவர்களிடம் ஒரு மிரர்லெஸ் கேமராவை ஒருநாள் இரவல் கேளுங்கள். அதற்கேற்ற கண்ணாடி இல்லாத எஃப்டி அடாப்டரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

• மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை அனுமதியுங்கள். கேமராவுக்கு இந்த லென்ஸ் இருப்பதே தெரியாது. இல்லாவிட்டால் ஷட்டர் விழாது.
• கேமராவுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருந்தால், குவிய தூரம் 50 என்று கையால் பதியுங்கள்.
• எஃப்டி அடாப்டரில் ‘ஓப்பன்–லாக்’ என்று ஒரு வளையம் இருக்கும். அதை லாக் பக்கம் திருப்பினால்தான் லென்ஸின் அப்பெர்ச்சர் நீங்கள் சொன்னபடி கேட்கும்.
• ‘ஃபோகஸ் பீக்கிங்’ வசதியைப் போடுங்கள். தெளிந்த விளிம்புகள் நிறமாக மின்னும். கண்ணாடி போட்டவர்களுக்கு வரப்பிரசாதம்.
• மலிவு அடாப்டர்களை ஒரு மயிரிழை மெல்லியதாகவே செய்வார்கள். அதனால் லென்ஸில் உள்ள தூரக்குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

அப்பா லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில், மீட்டர் எண்களுக்கெல்லாம் கடைசியில், படுத்துக்கிடக்கும் 8 ஒன்று இருக்கும். முடிவிலிக் குறி. உங்கள் டிஎஸ்எல்ஆரில் அந்தக் குறி வரை திருகியும் ஒரு மீட்டருக்கு அப்பால் அது எதையும் பார்க்கவில்லை. சரியான வளையத்தோடு மாட்டி, மொட்டைமாடிக்குப் போய், அந்தக் குறி வரை திருகுங்கள். கோபுரத்துப் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தெளியும். படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கடைக்காரரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடுத்து யாராவது தங்கள் அப்பாவின் லென்ஸோடு வந்தால் அவருக்கு நல்ல பதில் கிடைக்கும்.

*அடுத்த வாரம்: பீரோவில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களைப் போனிலேயே படமாக்குவது எப்படி? உங்கள் கேள்விகளையும் அனுப்புங்கள்.*